மேற்கே ஓடிய காவிரி

அக்கா,

முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லி முடித்துவிடுகிறேன். போன வாரம் மரம் அறுக்கும் மில்லில், ஒரு பிடி மரத்தூளை அள்ளிக் கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை மோந்துவிட்டுக் கீழே போட்டிருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். நான் அப்படியே நின்றுவிட்டேன் போலிருக்கிறது. மில்காரர் மிஷினை நிறுத்திவிட்டு, "என்னங்க, பொடி மட்டைய மாத்திட்டீங்களா?" என்று கேட்டார். மரம் இறக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அதில் ஒருத்தர் எனக்காகத் தும்மியே காட்டினார். ஊரையெல்லாம் கேலி பண்ணித் திரிகிறவன் ஒரு நாள் மாட்டினால் சும்மா விடுவார்களா? நானும் சிரித்துக்கொண்டே சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பொடியும் இல்லை ஒன்றும் இல்லை. ஈர மரத்தை அறுத்தால் வருமே, அந்த வாசனை எனக்கு உங்கள் வீட்டு மொட்டை மாடி வாசனை. வாளியில் பச்சைச் சாயம் கரைத்து, மரத்தூளைப் போட்டுப் பிசைந்து, உங்கள் வீட்டுக்காரரின், அதாவது நம் சாரின், பழைய வேட்டியில் பரப்பிக் காய வைத்திருப்பீர்கள். பொம்மை வயலில் நாற்றங்காலுக்கு ஒரு பச்சை, நடவு முடிந்த வயலுக்கு ஒரு பச்சை, கதிர் வாங்கப்போகிற பயிருக்கு இன்னொரு பச்சை. எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரியும். "கண்ணு இருக்கறது எதுக்குப்பா, கண்ணடிக்க மட்டுமா?" என்பீர்கள். பக்கத்து மாடி அம்மா ஒரு நாள் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்ன வத்தல்ங்க இது, பச்சையா இருக்கு?" என்று கேட்டது நினைவிருக்கிறதா? நீங்கள் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல், "கீரை வத்தல். வேணும்னா கொஞ்சம் எடுத்துக்குங்க" என்றீர்கள். அந்த அம்மா நிஜமாகவே கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அதற்குப் பிறகு அவரிடம் உண்மையைச் சொல்ல நீங்கள் பட்ட பாட்டை நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பார்த்தேன்.

இந்தக் கடிதத்தை நம் சங்கத்து மலரில் போடப்போவதாக டாக்டர் சொல்கிறார். அதனால் உங்களுக்குத் தெரிந்த சில விஷயங்களைத் தெரியாதவர்களுக்காக நான் மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுதுவது, முன்னே பின்னே இருக்கும்.

நம்முடையது பொம்மை ரயில் சங்கம். டாக்டருக்கு இந்தப் பெயர் பிடிக்காது. பல் டாக்டர்தான் என்றாலும் சங்கத்துக்குத் தலைவர். "மாதிரி ரயில்னு சொல்லுங்க, கௌரவமா இருக்கும்" என்பார். என் வீட்டில் இதற்கு வைத்திருக்கும் பெயரை மலரில் போட முடியாது. சங்கத்தில் ஒவ்வொருவரும் அவரவர் வீட்டில் ஒரு பலகை செய்வோம். பலகையின் மேல் தண்டவாளம், அதைச் சுற்றி ஓர் ஊர். கண்காட்சி நடக்கும் நாளில் எல்லாப் பலகைகளையும் ஒரு மண்டபத்துக்குக் கொண்டுவந்து, ஒன்றோடொன்று திருகாணி போட்டுச் சேர்த்துவிட்டால் ஒரே ரயில்பாதை ஆகிவிடும். கும்பகோணத்தில் கிளம்புகிற வண்டி மயிலாடுதுறை வரை போகும். இதற்கு ஒரே ஒரு கட்டாயம்தான். பலகையின் இரண்டு ஓரங்களிலும் தண்டவாளம் எல்லோருக்கும் ஒரே இடத்தில், ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். நடுவில் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்.

பலகையும் பலகையும் சேருகிற அந்த ஓரத்துக்கு வரப்பு என்று பெயர் வைத்தது நீங்கள். டாக்டர் ஏதோ இங்கிலீஷ் பேர் சொல்லிக்கொண்டிருந்தார், அது எடுபடவில்லை. "வரப்பு ரெண்டு பேருக்கும் பொதுப்பா. அத ரெண்டு பேரும் பாத்துக்கணும். உள்ள யாரு என்ன போட்டாலும் பக்கத்துப் பலகைக்காரங்க கேக்கப்படாது." இது நீங்கள் போட்ட முதல் சட்டம். இரண்டாவது சட்டமும் உங்களுடையதுதான். யாராவது வராமல் போனால் கண்காட்சியே நின்றுபோய்விடுமே என்று டாக்டர் கவலைப்பட்டபோது, "ஒருத்தர் வரலன்னா வண்டி நிக்கலாமா? இந்தப் பக்கத்து வரப்பும் அந்தப் பக்கத்து வரப்பும் சேந்துக்கும். அதுக்குத்தான எல்லா வரப்பும் ஒரே அளவு?" என்றீர்கள். எல்லோரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன்.

நான் சங்கத்தில் சேர வந்தவன் இல்லை. மைக்செட் கட்ட வந்தவன். முதல் கண்காட்சிக்கு மண்டபத்தில் இரண்டு பாக்ஸ் வைத்து, மைக்கைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போயிருக்க வேண்டும். வண்டி ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். கல்யாண வீடுகளில் "பெண் வீட்டார் மேடைக்கு வரவும்" என்று கத்திக் கத்திப் பழகிய வாய், சும்மா இருக்கவில்லை. மைக்கை எடுத்து, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ரயில்நிலையக் குரலில் ஆரம்பித்துவிட்டேன். மண்டபமே திரும்பிப் பார்த்தது. நீங்களும் யாருடைய பலகைக்கோ பின்னாலிருந்து தலையை நீட்டி, "யாருப்பா அந்த மைக்கு?" என்றீர்கள். அன்றையிலிருந்து சங்கத்தில் என் பெயர் மைக்கு. என் அப்பா வைத்த பெயரை டாக்டருக்குக்கூடத் தெரியாது.

நானும் ஒரு பலகை செய்தேன். திருவிடைமருதூர் ஸ்டேஷனை ஒட்டி ஓர் இடம். எல்லோரும் கோயிலும் குளமுமாகச் செய்துகொண்டிருந்தார்கள். நான் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். ஒரு கல்யாணப் பந்தல். அரிசி அரிசியாய் சீரியல் லைட், வாசலில் மைக் கம்பம், உள்ளே பந்தி. பந்தியில் உட்கார்ந்திருக்கிற ஒவ்வொருவர் முன்னாலும் பச்சைக் காகிதத்தில் நறுக்கிய ஓர் இலை. அந்த இலைகளை இடுக்கியால் பிடித்து ஒட்டும்போது நான் மூச்சு விட மாட்டேன். விட்டால் பந்தியே பறந்துவிடும். என் வாழ்நாளில் நான் சத்தம் போடாமல் செய்த ஒரே வேலை அதுதான்.

எனக்குக் கிழக்கே உங்கள் பலகை. குத்தாலம். நடுவில் இருக்கிற ஊர்களுக்கு ஆள் கிடைக்கவில்லை. தண்டவாளம், அதற்குப் பின்னால் வயல், வயலுக்குப் பின்னால் காவிரி, காவிரியில் ஒரு மதகு. நீங்கள் வேலை பார்த்ததே பாசன ஆபீசில் வரைபடம் வரைகிற பிரிவில். "சர்வீஸ் பூரா ஆறா வரைஞ்சு தள்ளினேன். ஒண்ணுலயாவது ஒரு சொட்டுத் தண்ணி பாத்தேனா? இதுல பாத்துடறேன்" என்று சொல்லித்தான் அந்த ஆற்றை ஆரம்பித்தீர்கள். எத்தனை மாதம் இழைத்தீர்கள் என்று சாருக்குத்தான் தெரியும். மதகுக்கு மேல்பக்கம் நிறைந்து நிற்கும் தண்ணீர், ஷட்டரில் வந்து ஒதுங்கிய ஆகாயத்தாமரை, கீழ்ப்பக்கம் நுரை, நுரை தாண்டி இரண்டு வாத்து. அதைப் பார்த்தபோது எனக்குக் கேலியே வரவில்லை. அவ்வளவு நன்றாக இருந்தது.

நான் சேர்ந்த பிறகு வந்த முதல் கண்காட்சியில், பலகைகளைச் சேர்த்து முடித்ததும், நீங்கள் சுற்றிக்கொண்டு பார்வையாளர்கள் நிற்கும் பக்கம் வந்தீர்கள். உங்கள் பலகையை அந்தப் பக்கத்திலிருந்து நீங்கள் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தீர்கள். வீட்டில் இடமில்லாமல் அதைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, முதுகுப் பக்கத்திலிருந்தே வேலை செய்திருந்தீர்கள். வரைபடத்தில் இருப்பதுபோல இடது கைப் பக்கம் மேற்கு என்று வைத்துக்கொண்டு செய்தீர்கள். எதிர்ப்பக்கம் வந்து நின்றால் அதுதானே கிழக்கு? உதட்டை இறுக்கிக்கொண்டு வாத்தையும் வரப்பையும் மாறி மாறிப் பார்த்தீர்கள். பிறகு என் கையைப் பிடித்து இழுத்து, காதோடு சொன்னீர்கள்.

"ஏம்ப்பா மைக்கு. தண்ணி மேக்க ஓடுது."

பார்த்தேன். ஆமாம். நுரையும் வாத்தும் என் பலகையைப் பார்த்துத்தான் வந்துகொண்டிருந்தன. ரகசியமாகச் சொன்னீர்கள். ஆனால் யாரிடம் சொன்னீர்கள்? மைக்கிடம். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. பூம்புகாரிலிருந்து குத்தாலம் வழியாக மேட்டூர் வரை செல்லும் காவிரி, இன்னும் சற்று நேரத்தில் முதலாவது நடைமேடைக்கு வந்து சேரும்" என்றேன். மண்டபம் சிரித்தது. நீங்கள் கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்து, முந்தானையால் துடைத்துக்கொண்டு, என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினீர்கள்.

"இருக்கட்டுமே. மேட்டூர்ல தண்ணி இல்லன்னு நாம வருசா வருசம் கையைப் பெசயறோம். ஒரு வருசம் நாம அனுப்பிப் பாப்போம்."

அதற்குக் கிடைத்த கைதட்டல் அன்றைக்கு வண்டிக்கே கிடைக்கவில்லை.

அப்புறம் ஒவ்வொரு கண்காட்சியிலும் இதே கூத்துதான். நம் பக்கத்தில் தண்ணீர் முதலில் பாய்கிற நிலம் தலைமடை, கடைசியில் பாய்கிற நிலம் கடைமடை. ஊர்ப்படி பார்த்தால் நான் தலைமடை, நீங்கள் கடைமடை. பலகைப்படி தலைகீழ். வரப்பில் திருகாணி முடுக்கும்போது நான் கைகட்டி நின்று, "தலைமடைக்காரங்க பாத்து விடணும். கடைமடை காயுது" என்பேன். நீங்கள் திரும்பியே பார்க்காமல், "மொறை வரட்டும், விடறேன்" என்பீர்கள். என் பலகையில் ஆறே கிடையாது. உங்கள் காவிரி வரப்பு வரைக்கும் வந்து, நேராக என் பந்தியில் முட்டி நிற்கும். "அக்கா, ரசம் ஊத்தறதுக்கு முன்னாடியே எலை மெதக்குதுக்கா" என்றால், "பாயசத்த மட்டும் தூக்கிப் பிடிச்சுக்கச் சொல்லு" என்பீர்கள்.

சார் இதையெல்லாம் மண்டபத்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருப்பார். பலகையை ஒரு பக்கம் பிடித்துத் தூக்கி வருவார். போகும்போது ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிப் போவார். இடையில் பேப்பர். அவர் வேலை பார்த்தது நூலகத்தில். "அங்க அமைதி காக்கவும்னு எழுதிப் போட்டிருப்பாங்க. இவரு ரிட்டையர் ஆகியும் காத்துக்கிட்டிருக்காரு" என்பீர்கள். அவர் அதற்கும் பேப்பரைத் திருப்புவார்.

உங்களுக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்து நான் பார்க்க வந்த நாளில், பலகை மேல் போர்வை போர்த்தியிருந்தது. கட்டிலிலிருந்து அதைப் பார்க்கிற மாதிரி படுத்திருந்தீர்கள். சங்கத்தைப் பற்றி, டாக்டர் வாங்கிய புது எஞ்சினைப் பற்றிக் கேட்டீர்கள். பந்தலில் ஒரு பல்பு எரியவில்லை என்று எப்போதோ சொல்லியிருந்தேன், அதை மாற்றியாகிவிட்டதா என்று கேட்டீர்கள். மாற்றிவிட்டேன் என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "உன் பந்தல் நல்லாருக்குப்பா" என்றீர்கள்.

"என்னக்கா திடீர்னு நல்லாருக்குங்கறீங்க? பயமா இருக்கு" என்றேன்.

சிரித்தீர்கள். சிரிப்பு இருமலாகிவிட்டது. சார் தண்ணீர் கொண்டுவந்தார். நான் கிளம்பிவிட்டேன். அதுதான் நாம் கடைசியாகப் பேசியது. அன்றைக்கு நீங்கள் சொல்ல வந்தது வேறு என்று எனக்கு அப்போது தெரியாது.

தகவல் வந்தபோது ஒரு நிச்சயதார்த்தத்துக்கு மைக் கட்டிக்கொண்டிருந்தேன். வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வர முடியாது. "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று சொல்ல வேண்டிய இடம். விரலால் மைக்கைத் தட்டிப் பார்த்தேன். சத்தம் வந்தது. மேடையிலிருந்து இறங்கி, அதற்குப் பிறகுதான் உங்கள் வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த கண்காட்சிக்கு உங்கள் பலகையைத் தர முடியுமா என்று டாக்டர் போய்க் கேட்டார். "அது இங்கயே இருக்கட்டும் டாக்டர்" என்று சார் சொல்லிவிட்டார். அது நியாயம்தான். யாரும் வற்புறுத்தவில்லை.

மண்டபத்தில் என் பலகையைப் போட்டு, பக்கத்தில் உங்களுடையதைப் போட வேண்டிய இடத்தில் மயிலாடுதுறைப் பலகையைக் கொண்டுவந்து வைத்தார்கள். எனக்குள் ஓர் ஆசை இருந்தது, அக்கா. சேரக் கூடாது என்று. ஓட்டைகள் தப்பிப்போக வேண்டும், தண்டவாளம் ஏறி இறங்கி நிற்க வேண்டும், டாக்டர் தலையைச் சொறிந்துகொண்டு, "அந்தம்மா பலகை இல்லாம ஒண்ணும் பண்ண முடியாதுப்பா" என்று சொல்ல வேண்டும். திருகாணி ஒரே சுற்றில் உட்கார்ந்துவிட்டது. வண்டி திருவிடைமருதூரை விட்டதும் மயிலாடுதுறைக்குள் நுழைந்தது. ஒரு குலுக்கல் கிடையாது. நீங்கள் போட்ட சட்டம், நன்றாகத்தான் வேலை செய்தது. அன்றைக்கு அந்தச் சட்டத்தின் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை. கூட்டத்தில் ஒருத்தராவது, இங்கே ஓர் ஆறு இருந்ததே என்று கேட்பார்கள் என்று மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை.

சாயங்காலம் சார் வந்தார். வாசலில் உட்காரவில்லை. நேராக உள்ளே வந்து, என் பலகை முடிகிற இடத்தில் குனிந்து, வரப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். வண்டி இரண்டு மூன்று தரம் அவர் மூக்குக்கு முன்னால் அதைக் கடந்து போனது.

"இங்கதான இருந்துது?"

"ஆமா சார்."

"இருந்த எடமே தெரியலயே, தம்பி" என்றார்.

நான் மைக்கை அணைத்துக் கீழே வைத்தேன்.

சில நாள் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது. "ஒரு நடை வந்துட்டுப் போங்க" என்றார். போனேன். பலகை அதே இடத்தில் இருந்தது. போர்வையை எடுத்தார். வயல் இருந்தது, தண்டவாளம் இருந்தது. காவிரி இல்லை. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் சுரண்டி எடுத்து, வெறும் பள்ளம். மதகு மட்டும் நடுவில் நின்றுகொண்டிருந்தது. வாத்துகள் இரண்டும் ஒரு தீப்பெட்டிக்குள் இருந்தன. கோடையில் பாலத்து மேல் நின்று பார்த்தால் ஆறு கிடக்குமே, அந்த மாதிரி கிடந்தது.

"என்ன சார் இது? யாரு பண்ணது?"

"அவதான். உக்கார முடிஞ்சப்போ கொஞ்சம் கொஞ்சமா சொரண்டினா."

"நீங்க கவலப்படாதீங்க சார். பழையபடியே ஊத்திடலாம். மேக்கயே ஓடட்டும். அதான் அக்கா ஆறு" என்றேன். அவசரமாகச் சொன்னேன். அந்த ஆறு நேராக ஓடிவிட்டால் எனக்குப் பேச என்ன மிச்சம் இருக்கும் என்று நினைத்தேன்.

சார் மதகைத் தொட்டுக் காட்டினார். அது திரும்பியிருந்தது. ஷட்டர் மேற்குப் பக்கம் பார்த்து நின்றது.

"தெசை தப்பா இருக்குறது அவள உறுத்திக்கிட்டே இருந்துது தம்பி. வெளியில சிரிப்பா. திருப்பிடணும்னு தோண்டிட்டா. தோண்டினதுக்கு அப்புறம்தான் ஒண்ணு யோசிச்சா."

"என்னது?"

"தண்ணி கெழக்க போவணும்னா மேக்கேருந்து வரணும்ல? மேக்க உங்க பலகை. அதுல ஆறு இல்லயே."

"இவ்ளோதானா? சொல்லியிருந்தா நான் வெட்டிக் குடுத்திருப்பேன்ல சார்."

"ஆறு வர்ற எடத்துலதான் உங்க பந்தல் இருக்கு" என்றார். பிறகு அவர் பேசினார், அக்கா. எனக்குத் தெரிந்து அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. "நான் கேக்கட்டுமான்னேன். வேணான்னுட்டா. 'ஒவ்வொரு எலையா மூச்சப் பிடிச்சுக்கிட்டு ஒட்டியிருக்கான், அதப் பிரின்னு எந்த வாயால சொல்றது? உள்ள யாரு என்ன போட்டாலும் கேக்கப்படாதுன்னு சொன்னவளே நான்தான்'னா. நீங்க வந்திருந்தீங்கல்ல அன்னைக்கு? அன்னைக்குக் கேட்டுடறேன்னுதான் சொல்லிக்கிட்டிருந்தா. நீங்க போனப்பறம், கேட்டியான்னேன். 'நல்லாருக்குன்னு சொன்னேன்'னா."

நான் உங்களை எத்தனை கேலி செய்திருப்பேன்? நீங்கள் என் வாயை, என் நடையை, என் தலையில் இல்லாத முடியை ஒன்று விட்டிருப்பீர்களா? இத்தனை பேசிய உங்களுக்கு இதைக் கேட்க என்ன கூச்சம்? என் பந்தலை நீங்கள் இவ்வளவு மதித்தீர்கள் என்று தெரிந்திருந்தால் அன்றைக்கே உங்கள் கட்டில் பக்கத்தில் வைத்துப் பிரித்திருப்பேன். நீங்கள் நல்லாருக்கு என்றதும் நான் கேலி பண்ணாமல் ஒரு நிமிஷம் சும்மா இருந்திருந்தால், அடுத்த வார்த்தையாக அது வந்திருக்குமோ என்னவோ. இதற்கு இனி யாரிடமும் பதில் கிடையாது.

வீட்டுக்கு வந்து பலகையைக் கூடத்தில் இறக்கி, பந்தியைக் கத்தியால் நெம்பினேன். இலைகள் நன்றாகத்தான் ஒட்டியிருந்தன. லேசில் வரவில்லை. என் மனைவி அடுப்படியிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "கல்யாணத்த நிறுத்திட்டீங்களா? மாப்ள ஓடிட்டானா?" என்றாள். நான் அடுத்த இலையை நெம்பினேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, நான் பிய்த்துப் போட்ட இலைகளை ஒரு தட்டில் பொறுக்கி வைத்தாள். அதற்கு மேல் ஒரு கேலியும் இல்லாமல் எங்கள் வீட்டில் ஒரு மாலை நேரம் போனது அன்றுதான். பந்தல் இருந்த இடத்தில் இப்போது பள்ளம். பெண்ணையும் மாப்பிள்ளையையும் கரையில் நிற்க வைத்திருக்கிறேன். மைக் கம்பத்தை எடுக்கவில்லை. அது மட்டும் இருக்கட்டும்.

மில்லில் மரத்தூள் வாங்கியது அந்தக் கரைக்குத்தான். சாயத்தை நானே கரைத்தேன். எந்தப் பச்சை என்று முடிவு செய்ய முடியாமல் சாரைக் கேட்டேன். அவர் மூன்று வாளியையும் பார்த்துவிட்டு, "நடுல இருக்கறது. நடவு முடிஞ்சு வேர் பிடிச்ச பயிர்" என்றார். இத்தனை வருஷம் வாசலில் பேப்பருக்குப் பின்னால் இருந்தவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் உங்கள் பலகையை மைக்செட் வைக்கும் என் ஷெட்டுக்குக் கொண்டுவந்தார். இரண்டையும் சேர்த்துத் திருகாணி போட்டோம். தண்ணீருக்கு ரெசின் வாங்கி வைத்திருந்தேன். இரண்டு பாட்டிலைக் கலந்து ஊற்றினால் கண்ணாடி மாதிரி இறுகிவிடும். நிறம் தெளிவாக இருக்கட்டும் என்று நான் சொன்னேன். சார் ஒப்பவில்லை. "புதுத் தண்ணி கலங்கலாத்தான் வரும்" என்று சொல்லி ஒரு சிட்டிகை செம்மண் நிறத்தைப் போட்டுக் கலக்கினார். என் பலகையின் மேற்கு ஓரத்தில் நான் ஊற்ற ஆரம்பித்தேன். அது அவசரப்படவில்லை. மெதுவாக, மூலை முடுக்கெல்லாம் நனைத்துக்கொண்டு, பந்தி இருந்த இடத்தைத் தாண்டி, வரப்பில் கொஞ்சம் தயங்கி நின்றது. நான் இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். சார் உங்கள் பலகைப் பக்கம் குனிந்துகொண்டிருந்தார்.

"வந்துடுச்சு" என்றார். மதகில் வாத்துகளை அவர்தான் விட்டார்.

அறிவிப்பை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். மேட்டூரிலிருந்து குத்தாலம் வழியாகப் பூம்புகார் வரை. எல்லாம் சரியாக இருக்கிறது. சிரிக்க ஒன்றும் இல்லை. வரப்போகிற கண்காட்சியில் இதைச் சொன்னால் ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இருந்தாலும் சொல்வேன். என்னிடம் உங்கள் பொருள் என்று ஒன்றும் இல்லை, அக்கா. போட்டோகூட இல்லை. ஆனால் உங்கள் வயலுக்குப் போகிற தண்ணீர் இனிமேல் என் பலகையைத் தாண்டித்தான் போக வேண்டும். தலைமடைக்காரன் ஆகிவிட்டேன். முறை பார்க்காமல் விடுகிறேன்.

இன்னொரு விஷயம். ரெசின் ஊற்றுவதற்கு முன்னால் வரப்பில் இரண்டு பக்கமும் டேப் ஒட்டி அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் இடுக்கில் இறங்கிவிடும். சார் ஒட்டியிருப்பார் என்று நான் நினைத்தேன். நான் ஒட்டியிருப்பேன் என்று சார் நினைத்தார். மறுநாள் திருகாணியையெல்லாம் கழற்றிவிட்டு ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தோம். வரவில்லை. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, ஒட்டிக்கொண்ட இரண்டையும் அறுத்தால் தண்டவாளம் போய்விடும் என்றார். அவ்வளவு நீளத்துக்கு என் வீட்டிலும் சார் வீட்டிலும் இடம் இல்லை, டாக்டர் வீட்டு மாடிக்கு என்று அப்படியே குட்டியானை வண்டியில் ஏற்றினோம். பின்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. டிரைவர் சிவப்புத் துணி கட்டச் சொன்னார். சிவப்பு இல்லை, சாரின் நீலக் கைக்குட்டையைக் கட்டினோம். டாக்டர் வீட்டு மாடிப்படியில் திருப்பம் வரைக்கும் ஏறியது, அதற்கு மேல் திரும்பவில்லை. இப்போது கீழே, பல் வலியோடு வருகிறவர்கள் உட்காரும் அறையில் இருக்கிறது. இடம் போதாமல் ஒரு பெஞ்சை வாசலில் எடுத்துப் போட்டிருக்கிறார்கள்.